சும்மா இருந்தவள்

துணி துவைக்கும் மெஷின் பழுதான அன்றுதான் அவளுக்குக் கோபம் பிடித்தது என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். இருபத்தெட்டு வருடமாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

பழுதுபார்க்க வந்தவர் நேராக அவள் கணவரிடம் போனார். "எத்தனை நாளா சார் இப்படி?"

மெஷினின் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத அந்த மனிதர், "ஒரு வாரமா இருக்கும்" என்று கூசாமல் சொன்னார்.

"மூணு நாளாதாங்க. நல்லாத்தான் சுத்துது. தண்ணிதான் வெளிய போகமாட்டேங்குது. பம்புல ஏதோ சிக்கியிருக்கு," என்றாள் அவள்.

வந்தவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மோட்டார் போயிடுச்சு சார். நாளைக்குக் கொண்டுவந்து மாட்டிடறேன்."

"அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது? போய் டீ போடு," என்றார் கணவர்.

போட்டாள். டம்ளரை நங்கென்று வைத்தாள். இரண்டு பேரும் கிளம்பிப் போனதும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஈரத்தரையில் உட்கார்ந்தாள். திருகுகளைக் கழற்றிப் பம்பைத் திறந்தால், உள்ளே ஒரு பேனா மூடி. சட்டைப்பையைப் பார்க்காமல் துணியைக் கழற்றிப் போடுகிறவர் அந்த வீட்டில் ஒரே ஒருவர்தான். சாயங்காலம் அவர் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"இந்தாங்க, உங்க மோட்டார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லையே, குருட்டாம்போக்குல கண்டுபிடிச்சிட்டே!"

அந்தக் குருட்டாம்போக்குதான் அவளைச் சுட்டது. மறுவாரமே தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலில் போய் நின்றாள். வயது ஐம்பத்திரண்டு. மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "யாரைச் சேர்க்கணும்மா? பையனையா?" என்றார்.

"என்னை."

ஆறு மாதம் படித்தாள். ஒயர் எரிந்த வாடை புடவையிலேயே தங்கிவிட்டது. பிறகு கடைத்தெருவில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை கிடைத்தது. முதலாளி சிடுமூஞ்சிதான். ஆனால் மெஷின் ஓடினால் போதும், யார் ஓட வைத்தால் என்ன என்று நினைக்கிற மனிதர். மெல்ல மெல்ல நாலு தெருவுக்கு அவள் 'மெஷின் அக்கா' ஆனாள். கதவைத் திறந்ததும் "ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்பவர்களும் இருந்தார்கள். "வேணும்னா அடுத்த வாரம் வருவாங்க. அதுவரைக்கும் கையால துவைங்க," என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியூரில் இருக்கும் மகள் அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டாள். அவள் குழந்தைக்கு ஐந்து மாதம்.

"அப்பா, புதன்கிழமை அம்மாவுக்கு டிக்கெட் போட்டுட்டேன். எனக்கு லீவு முடியுதுல்ல? ஒரு ரெண்டு வருஷம் அம்மா இங்கே இருக்கட்டும்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தவள் குறுக்கே புகுந்தாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"இதுல கேக்க என்னம்மா இருக்கு? நீ சும்மாதானே இருக்கே. கடைக்குப் போறது பொழுதுபோக்குக்குத்தானே?"

"சும்மாவா?" எச்சில் கையோடு எழுந்துவிட்டாள். "உங்க அப்பாவோட அம்மா அஞ்சு வருஷம் படுத்த படுக்கையா கிடந்தாங்களே, அப்பவும் சும்மாதான் இருந்தேனா? நீ படிச்சு முடிச்சு வேலைக்குப் போற வரைக்கும் உனக்கு முன்னாடி எழுந்து நின்னேனே, அதுவும் சும்மாவா? உன் வேலை மட்டும் வேலை, என் வேலை விளையாட்டா? பாட்டியா பத்து நாள் வரேன். ஆயாவா ஒரு நாள்கூட வரமாட்டேன்!"

"கைக்குழந்தைக்காரிகிட்ட இப்படியா கத்துவே?" என்றார் கணவர்.

"அப்ப நீங்க போங்க. போன மாசம்தானே ரிட்டயர் ஆனீங்க? இந்த வீட்டுல நிஜமா சும்மா இருக்கிறது நீங்கதான்."

வீம்புக்கென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரே போனார். மூன்றே வாரம். கன்னம் ஒட்டித் திரும்பி வந்தவர், குழந்தை தூங்காததைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு, மகள் அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

வலிக்காமல் இல்லை. ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது அடுத்த அறையில் குழந்தை அழுதது. அவள் கை தானாக நின்றுவிட்டது. பேரக்குழந்தையை நினைத்துக் கண் கலங்கியது. மறுநிமிடமே ஆத்திரம் பொங்கியது. மூன்று வாரத்தில் ஓடிவந்த மனிதர் நிம்மதியாகக் கால் நீட்டிப் பேப்பர் படிக்கிறார். நெஞ்சைப் பிசைவது மட்டும் தன் பங்கா? ஸ்பேனரைப் போட்டு ஒரே முறுக்காக முறுக்கினாள்.

நாலாவது மாதம், முன்னறிவிப்பில்லாமல், பட்டறை வாசலில் குழந்தையோடு மகள் வந்து நின்றாள். அம்மாவின் கறுத்த விரல்களையும் சுற்றிலும் பிரித்துப் போட்டிருந்த மெஷின்களையும் வெகுநேரம் பார்த்தாள்.

"உன்னைக் கேட்டிருக்கணும்மா."

"ஆமா. கேட்டிருக்கணும்."

பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. குழந்தையைத் தொடக் கை போனது. கிரீஸ் அப்பியிருந்ததால் இழுத்துக்கொண்டாள்.

"இந்த மெஷினை அஞ்சு மணிக்குள்ள கொடுக்கணும். முடிச்சிட்டுத் தூக்கிக்கறேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரு."

மகள் உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரம் அம்மா வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.