ஜீப் பிரேக்கும் என் ஈர வைத்தியமும்

மாமல்லபுரம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. படகை மணலில் இழுத்துப் போட ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறேன். அலையில் இறங்கி ஏறினால் சக்கரத்துக்குள் தண்ணீர் புகுந்து பிரேக் கொஞ்ச நேரம் பிடிக்காது, காய்ந்ததும் சரியாகிவிடும். அதனால் பிரேக் எப்போது சொதப்பினாலும் "ஈரந்தான்" என்று தீர்ப்புச் சொல்லும் நிபுணனாகிவிட்டேன். சமீபத்தில் பெடல் தளர்ந்தபோதும் அதே தீர்ப்புதான்.

போன மாதம் ஒரு வாரமாகக் கடல் சீற்றம், படகு இறங்கவில்லை. மனைவியோடு செங்கல்பட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனையில் இரண்டு பெண்கள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். பெடல் பஞ்சுபோல் அடிவரை அமுங்கியது, வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து வலைக் குவியலில் கொண்டுபோய்ச் செருகினேன். யாருக்கும் கீறல்கூட இல்லை.

"ஈரந்தான்" என்றேன்.

"வண்டி கடல பாத்தே ஒரு வாரமாவுது. இன்னாய்யா ஈரம்? உன் மூளையா?" என்றாள் மனைவி.

குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தின் உள்பக்கம் பிரேக் ஆயில் வழிந்திருந்தது. உப்பு அரித்த குழாய். பிறகு மெக்கானிக் விளக்கினார்: நனைந்த பிரேக் என்றால் பெடல் கெட்டியாகவே இருக்குமாம். அடிவரை அமுங்கினால் கசிவாம்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் பெடலை மிதித்து அப்படியே பிடித்துப் பார்க்கிறேன். அமுங்கிக்கொண்டே போனால் வண்டியை எடுக்க மாட்டேன். அந்த நேரம் பக்கத்து சீட்டிலிருந்து கேள்வி வரும்: "இன்னா டாக்டரே, ஈரமா?"