சுட்டியின் நெற்றியில் பூசிய வெளிச்சம்

ஓட்டமாவடி முத்தலிப்புக்குப் பிள்ளை இல்லை. சுட்டி இருந்தாள், நெற்றியில் வெள்ளை விழுந்த எருமை. நெல் அடிக்கும் களவெட்டியில், நடுக்கம்பை இடப்பக்கமாகச் சுற்றிக் கதிரை மிதித்துச் சூடு மிதிக்கும்போது மற்ற மாடுகளுக்கு முன்னால் நடப்பவள். பெயர் சொன்னால் ஆற்றுக்கு அக்கரையில் நின்றாலும் திரும்பிப் பார்ப்பாள்.

“நான் கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது. சுட்டி மூச்சு விட்டாக் கேக்கும்” என்பாள் மனைவி ஸைனம்பு. பொய்யில்லை, என்ன செய்வது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் யுத்தம் வந்தது. கூடவே இரவில் விளக்கேற்றக் கூடாதென்ற தடையும் வந்தது. இருட்டில் எப்படிச் சூடு மிதிப்பது? மட்டக்களப்பு டவுனில் மணிக்கூடு திருத்தும் கிளரன்ஸ் துரையிடம் முத்தலிப்பு போனான். மணிக்கூட்டு முள் இருட்டில் ஒளிரப் பூசும் ரேடியப் பசை ஒரு சிமிழ் கிடைத்தது. அதைச் சுட்டியின் நெற்றியில் அப்பினான். மேலே விமானக்காரனுக்குத் தெரியாது, களத்தில் நிற்பவனுக்குத் தெரியும். வயல்வட்டையே மெச்சியது. பாவி மனுசன் பூரித்துப்போய், இரண்டு வருடம் சிமிழ் சிமிழாகப் பூசினான்.

மூன்றாம் வருடம் சுட்டியின் நெற்றி புண்ணானது. தன் கன்றையே உதைத்துத் தள்ளினாள். கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை. பிறகு, அறுவடை முடிந்த வெறும் வயலில் தன்பாட்டில் இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள்.

“களவெட்டிக்குள்ள மாட்ட மாடெண்டு சொல்லியிருப்பாய். வாரிக்காலன் எண்டெல்லா சொல்லோணும்? உள்ள பேரக் கேட்டு வந்து பூதம் புடிச்சித்து” என்றார் கூடச் சூடு மிதிக்கும் சித்தாண்டி ஊர் வினாயகமூர்த்தி.

அப்படியே இருக்கட்டும் என்றுதான் முத்தலிப்பு ஏங்கினான். பூதமென்றால் ஓதிப் பார்க்கலாம். பசை பூசிய இடத்திலேயே புண் வந்ததை நினைத்து, மனம் கேளாமல் டவுனுக்குப் போனான். கிளரன்ஸ் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு இருந்தார்.

“பூதமில்ல முத்தலிப்பு, அந்தப் பசைதான். நான் தூரிகைய நாக்கில நனைச்சி வேலை செஞ்சன், தாடையெலும்பு கரையுது எண்டு டொக்டர் சொல்றார். உன்ர மாட்டுக்கு மூளையில இறங்கியிருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு.”

திரும்பி வந்தவன் நேரே வயலுக்குப் போய், அவளை மறிக்கக் குறுக்கே நின்றான். சுட்டி நிற்கவில்லை. விலகி, அவனையே நடுக்கம்பாக வைத்துச் சுற்றினாள். அவன் முகத்தை ஒருதரமும் பார்க்கவில்லை. பின்னேர அசர் தொழுகை நேரத்திலிருந்து பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை அசையாமல் நின்றான். காலை எடுத்தால் விழுந்துவிடுவாளோ என்று பயம். பாங்கு முடியுமுன் அவளாகவே விழுந்தாள். அதற்குப் பிறகு எழும்பவில்லை.

ஸைனம்பு வந்து கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க ஊட்ட போவம். அது வாயில்லாச் சீவன், உங்களையே மறந்துத்து.”

“என்னை மறந்துத்தாள் புள்ள” என்றான் முத்தலிப்பு. “நான் குடுத்த வேலைய மட்டும் மறக்கல்ல.”