வியாகுலமேரி தொடாத பணம்

ராயப்பன்பட்டி வியாகுலமேரிக்கும் பொன்னாத்தாளுக்கும் சுருளிப்பட்டி போகும் வழியில் அடுத்தடுத்த நிலம். நடுவே ஒரு வரப்புதான். தன் பங்கில் அறுபது சென்ட்டை விற்கப் பொன்னாத்தாளே முன்வந்து, வியாகுலமேரியிடம் முன்பணம் வாங்கி, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாள். மூன்று மாதத்தில் மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிப்பதாகப் பேச்சு. அதற்குள் புறவழிச்சாலை வருகிறதென்று செய்தி பரவ, அவள் மகன் நாகராஜ், "அந்த வெலைக்கெல்லாம் தர முடியாது" என்று நின்றுவிட்டான்.

வியாகுலமேரி அப்போதுதான் கணவனை இழந்திருந்தாள். மீதிக்கென்று வைத்திருந்தது அவர் சாவுக்கு வந்த இழப்பீடு. அது நிலமாக நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமில்லை. வழக்குப் போட்டாள். வக்கீல் ஜஸ்டின் முதல் நாளே சொன்னார்:

"எழுதிக் குடுத்தபடி கிரயம் பண்ணித் தரணும்னு கேக்குறோம்க்கா. அப்ப எந்த நாளும் மீதியக் குடுக்க நாம தயாரா இருந்தோம்னு காட்டணும். பேங்க்ல கெடக்குறதத் தொட்டுறாதீக."

அவள் தொடவில்லை. இரண்டாம் வருடம் மகள் இவாஞ்சலினுக்கு மங்களூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது.

"பணத்துக்கு எங்க ஆத்தா போவேன்?" என்றாள் வியாகுலமேரி.

மகள் தேனியில் ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். வாய்தா நாட்களில் லீவு போட்டு அம்மாவுக்குத் துணையாகவும் வந்தாள்.

வியாகுலமேரி சாட்சிக் கூண்டில் ஏறிய அன்றும் பின் பெஞ்சில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். நாகராஜ் தரப்பு வக்கீல் நிதானமாகக் கேட்டார்:

"பெத்த மகளப் படிக்க வைக்கவே ஒங்ககிட்டப் பணமில்ல. கிரயத்துக்கு மட்டும் எங்கருந்தும்மா இருந்திருக்கும்?"

வியாகுலமேரி மகள் இருந்த பக்கம் திரும்பவில்லை.

"இருந்துச்சுங்கய்யா. படிப்புக்கு எடுக்கல."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது இவாஞ்சலின் கேட்டாள். "எங்கிட்ட இல்லன்னுதானம்மா சொன்ன?"

"எடுத்தாக் கேஸு போயிரும்னு வக்கீல் சொன்னாக..."

"அத எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே வேணாம்னுருப்பேன்."

அடுத்த மாதம் அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போனாள். முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். பிறகு அதுவும் நின்றது.

கூண்டில் சொன்ன அந்தப் பதிலும் வங்கிப் புத்தகமும்தான் வழக்கைக் காப்பாற்றின. தீர்ப்பு அவள் பக்கம் வந்தது; நாகராஜ் தரப்பின் மேல்முறையீடும் தள்ளுபடியானது. மீதியை நீதிமன்றத்தில் கட்டினாள். பொன்னாத்தாள் கடைசிவரை கையெழுத்துப் போட வரவில்லை. அவளுக்குப் பதிலாக நீதிமன்ற ஊழியர் ஒருவர் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஒப்பந்தம் எழுதி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

நிலம் அளக்க வந்த சர்வேயர் சுற்றுமுற்றும் பார்த்தார். "சங்கிலியோட அந்த முனையப் பிடிக்க ஒரு ஆளக் கூட்டியாரச் சொன்னேனேம்மா?"

"ஆளு யாரும் இல்ல சார். நானே பிடிக்கேன்."

சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து நான்கு மூலைக்கும் அவளே சங்கிலியை இழுத்துப் போனாள். வரப்புக்கு அங்கிட்டுப் புல்லறுத்துக்கொண்டிருந்த பொன்னாத்தாள் ஒரு தடவை நிமிர்ந்தாள். கண்கள் சந்தித்ததும் குனிந்துகொண்டாள்.

சர்வேயர் கிளம்பியதும் வியாகுலமேரி மகளுக்குப் போன் போட்டாள்.

"அளந்து கல்லு ஊண்டியாச்சு ஆத்தா. நம்ம எடம்தான் இனி."

"சரிம்மா."

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயேன்."

"ஷிப்ட் இருக்கும்மா. பாக்குறேன்."

போன் அடங்கியது. வியாகுலமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓரத்திலிருந்த முதல் முள்மரத்தை வெட்ட ஆரம்பித்தாள்.