அப்பா பேருக்கு முன்னால்

செத்துப்போன அப்பாவின் ரேஷன் கார்டு உறைக்குள் என் பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்பிதழ் இருந்தது. பிரித்ததும், பாகூரில் கரும்புக் கொல்லை ஓரம் தகரம் போட்டிருந்த, இன்று மனை போட்டு விற்றுவிட்ட அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஸ்கெட்ச் பேனா வாசனையோடு வந்து நின்றது. தகரம் வெயிலில் படபடக்க, "ஆம்பளைன்னா மிஸ்டர், கல்யாணம் ஆனவங்கன்னா மிசஸ், யாரா இருந்தாலும் போடணும்" என்று மிஸ் சொல்லச் சொல்ல நாங்கள் ராகம் போட்டுக் கத்துவோம். சாயங்காலம் கரும்பு வெட்டிவிட்டு வரும் அப்பாவை நான் மிஸ்டர் என்று கூப்பிட, அவர் கூச்சத்தில் நெளிவார்.

அழைப்பிதழ்களில் மிஸ்ஸே கைப்படப் பெயர் எழுதினார். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கையிலெல்லாம் அப்பா பேருக்கு முன்னால் மிஸ்டர் இருந்தது. என் கையில் வெறும் காத்தவராயன்.

படிக்கத் தெரியாத அப்பா கேட்டார்: "இன்னாடி எய்திக்கிறாங்க?"

"மிஸ்டர் காத்தவராயன்."

அவர் அந்த எழுத்தை விரலால் தடவினார். "உங்க மிஸ்ஸு தங்கமானவங்கடி."

மறுநாளிலிருந்து அவளை மிஸ் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.