ஏழே கால் அடி

காலை ஏழு மணிக்கு என் போன் அடிக்கும். எடுத்தால் முதலில் காற்றுச் சத்தம், அப்புறம் ஒரு இருமல், அப்புறம் அந்தக் குரல். "தாயி, ஏழரை அடி. மேல மழை இல்ல. வச்சுர்றேன்." நான் 'சரிண்ணே' என்று முடிப்பதற்குள் வைத்துவிடுவார். நாலு வருஷம் இதைத் தவிர வேறு எதுவும் நாங்கள் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்துப் பேரூராட்சி ஒன்றில் நான் இளநிலை உதவியாளர். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. பேசியவர் எங்கள் வாட்டர்மேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பாதையில், பாதி மலையில் ஓடையை மறித்துக் கட்டிய சின்னத் தடுப்பணை ஒன்று இருக்கிறது. ஊர் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் குழாயில் இறங்குகிறது. காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்து ஒன்பது மணிக்கு மூட வேண்டும். நடுவில் நீர்மட்டம் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும். அணையில் டவர் கிடையாது, மேலே ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். மேகம் இறங்கிவிட்டால் அங்கேயும் கிடைக்காது. வாரம் முழுக்க அங்கே ஒரு தகரக் கொட்டகையில் தங்கிவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் மட்டும் தோட்டத்து ஜீப்பில் வீட்டுக்கு வந்து போவார்.

எங்கள் ஆபீசைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மன்றக் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு என்றால், 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று காலையிலேயே டைப் அடித்து வைத்திருப்போம். உறுப்பினர்கள் வருவார்கள், டீ குடிப்பார்கள், சண்டை போடுவார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். நடந்த பிறகு எழுதுவதல்ல, எழுதிய பிறகு நடப்பதுதான் எங்கள் ஆபீசில் கூட்டம். இதில் யாருக்கும் உறுத்தல் கிடையாது. எனக்கும் இருந்ததில்லை.

நீர்மட்டப் பதிவேடும் அப்படித்தான். வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே போன் வராத நாள் ஒன்று வந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நேத்துப் போட்டதப் போடும்மா. அணை என்ன ஓடியா போயிரும்?" என்றார் ஹெட் கிளார்க். இப்போது கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். பத்து மணிக்குள் எண் ஏறவில்லை என்றால் கட்டம் சிவப்பாகிவிடும், மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்துவிடும். காலியாக விட்டால் மெமோ வரும். தப்பாக எழுதினால் எதுவும் வராது. இரண்டில் எதைச் செய்வாள் ஒரு இளநிலை உதவியாளர்?

அது கார்த்திகை மாதம். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. "ஏழரை அடி. மழை இல்ல. வச்சுர்றேன்." புதன்கிழமை வரவில்லை. மலையைப் பார்த்தேன், இடுப்புவரை மூட்டம். டவர் இருக்காது என்று நினைத்துக்கொண்டு ஏழரை போட்டேன். வியாழக்கிழமையும் வரவில்லை. ஒரே எண் மூன்று நாள் தொடர்ந்தால் நன்றாக இருக்காது என்று ஏழே கால் போட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'மழை இல்லை' என்றும் எழுதினேன். கால் அடி குறைத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவ்வளவு நிஜமாக இருந்தது.

அந்த நாட்களில் ஊரில் தண்ணீர் நிற்கவே இல்லை. ஒன்பது மணிக்கு நிற்க வேண்டிய குழாய் மதியமும் ஓடியது, சாயங்காலமும் ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை. தண்ணீர் வரவில்லை என்றால்தானே ஆபீசுக்கு ஆள் வரும்! ஏழாவது வார்டு உறுப்பினர் தான் பேசித்தான் நேரத்தைக் கூட்ட வைத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் வீட்டில் இருந்த அண்டா குண்டான் எல்லாவற்றையும் நிரப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வாட்டர்மேனின் மனைவி வந்து என் மேஜை முன்னால் நின்றார். இடுப்பில் ஒரு தூக்குச்சட்டி, தோளில் துணிப்பை. வெளியே ஜீப் ஒன்று என்ஜினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

"பாப்பா, நேத்து அவுக வீட்டுக்கு வரல. போன் போட்டாலும் போகல. இங்க ஏதும் பேசுனாகளா?"

பதிவேட்டைத் திறந்தேன். வியாழக்கிழமைக்கு நேராக ஏழே கால் இருந்தது, மழை இல்லை என்று இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அந்தக் குரல் கேட்டது. காற்று, இருமல், "தாயி, ஏழே கால் அடி" எல்லாம் கேட்டது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை.

"காலையில பேசுனாரேக்கா. இந்தா பாருங்க" என்று பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். முகம் தெளிந்தது. "அப்பச் சரி. போன வாரம் வந்தப்ப சண்ட போட்டுட்டுப் போனாக. அந்தக் கோவந்தான் போல" என்று சிரித்தார். வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் பிறப்புச் சான்று கேட்டு நின்ற அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் போன் வரவில்லை, ஏழே காலே போட்டேன். சனிக்கிழமை காலை, நான் இன்னொரு ஏழே காலை எழுதிக்கொண்டிருந்தபோது ஜீப் டிரைவர் ஒருவர் வாசலில் நின்று கத்தினார். தோட்டத்துக்கு நடந்து போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அணைக்குக் கீழே, வால்வுக்குப் போகிற படியில் வழுக்கி, பாறை இடுக்கில் வாட்டர்மேன் விழுந்து கிடந்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வால்வை மூடப் போனவர் மூடவே இல்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. விழுந்தவுடன் உயிர் போகவில்லை, ஒரு நாளோ இரண்டு நாளோ இருந்திருக்கலாம் என்றார் டாக்டர். எந்த நாள் என்று அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

என் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை ஏழு மணி. அதற்குப் பிறகு அவர் எண் இல்லை.

அன்று மேலே போன ஓவர்சீயர் நீர்மட்டத்தை அளந்து வந்து சொன்னார், ஏழே கால் அடி. நாலு நாள் வால்வு திறந்து கிடந்தும் எப்படி அவ்வளவு தண்ணீர் நின்றது என்று அவருக்கே புரியவில்லை. "நீ எழுதுனது கரெக்ட்தாம்மா" என்று என்னைப் பாராட்டினார்.

வாட்டர்மேன் கடைசியாக எப்போது பேசினார் என்று போலீஸ்காரர் கேட்டபோது ஹெட் கிளார்க் என் பக்கத்தில்தான் நின்றார். "ரிஜிஸ்டர்ல உள்ளதச் சொல்லும்மா" என்றார். வெள்ளிக்கிழமை காலை என்றேன். பயம்தான், வேறென்ன? வேலை போய்விடும் என்ற பயம். பதிவேட்டை நகல் எடுத்து சீல் வைத்துக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காலை பேசிய மனிதர் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செத்திருக்க முடியாது. இறப்புச் சான்றில் வெள்ளிக்கிழமை ஏறியது. அடுத்த மன்றக் கூட்டத்தில் 'வெள்ளிக்கிழமை காலை வரை தவறாது தகவல் அளித்துப் பணியாற்றினார்' என்று இரங்கல் தீர்மானம். அதையும் காலையிலேயே நான்தான் டைப் அடித்தேன். எல்லோரும் எழுந்து நின்ற அந்த ஒரு நிமிஷ அமைதியில் எனக்கு மறுபடி காற்றும் இருமலும் கேட்டன. தலைவர் உட்கார்ந்த பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் அந்தக் குரல் என்னை விடவில்லை. செவ்வாய்க்கிழமை நிஜமாகப் பேசியது மறந்துவிட்டது. பேசாத வியாழக்கிழமைதான் வார்த்தை பிசகாமல் கேட்கிறது. ஏழு மணி ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

முதல் வருஷத் தெவசத்துக்கு முன்னால் அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். கையில் இறப்புச் சான்று.

"ஐயரு நாளு கேக்காரு பாப்பா. வெள்ளிக்கெழம திதிதானன்னு ஒரு வார்த்த ஒங்கிட்டக் கேட்டுக்கிறலாம்னு வந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு வியாழக்கெழம பேசுனாகள்ல, கோவமாவா பேசுனாக?"

இந்தக் கேள்வியை அவர் ஒரு வருஷமாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கும் ஒரு பொய் என் வாயில் தயாராகத்தான் இருந்தது. இல்லக்கா, நல்லாத்தான் பேசுனாரு என்று சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

"அவரு பேசலக்கா" என்றேன். "புதனும் பேசல, வியாழனும் பேசல, வெள்ளியும் பேசல. நானா எழுதுனது."

அவர் என்னைத் திட்டவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய பதிவேட்டைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போன வருஷம் வைத்த அதே கட்டத்தில் விரலை வைத்தார்.

"அன்னைக்கு நான் மேல போகத்தான் கெளம்பி வந்தேன்" என்றார். "சோறு கட்டி எடுத்தாந்தேன். ஜீப்ப நிப்பாட்டச் சொல்லிட்டு, உன்ன ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவம்னு எறங்குனேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"எந்த நாளுன்னு யாருக்கும் தெரியாதுல்ல? அப்பத் திதி வியாழக்கெழமயே இருக்கட்டும். நான் கெளம்புன நாளு அதுதான்."

சான்றை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அதில் இன்னமும் வெள்ளிக்கிழமை என்றுதான் இருக்கிறது.