வலது மேல் மூலையில் என் முகம்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நான் துணைத் தலைவர். அந்தப் பதவிக்காக நான் செய்த ஒரே காரியம், தேர்தல் நடந்த கூட்டத்துக்குப் போகாமல் இருந்ததுதான். வந்தவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வராதவனால் அதைச் சொல்ல முடியவில்லை. பதவியால் கண்ட பலன் என்று பார்த்தால், என் முகம் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரில் வந்தது. பிறகு அது வெட்டி எடுக்கப்பட்டது. வெட்டியவள் என் தங்கை மகள்.

தங்கை இதே வளாகத்தில், எங்களுக்கு எதிர் பிளாக்கில் இருக்கிறாள். அவள் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கால்பந்து ஆடுகிறாள். இதைச் சொன்னால் திருமுல்லைவாயிலில் கிடைக்கும் முதல் பதில், "நல்லது, உடம்பு குறையும்." உடம்பு என்று அவளிடம் இருப்பதே எலும்பும் பிடிவாதமும்தான். அதில் எதைக் குறைப்பது?

எங்கள் கார் நிறுத்துமிடச் சுவரில் 'இங்கு பந்து விளையாடக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். பொது அறிவிப்பு மாதிரி தெரிந்தாலும், அது அவள் ஒருத்திக்காக எழுதப்பட்டது. அப்போது அவளுக்குப் பதினொரு வயது. எழுதவைத்தவர் சங்கச் செயலாளர். அரசு வேலையில் கடைசி நாள்வரை கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். எழுதப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது என்று நம்புகிறவர். அவர் பறிமுதல் செய்த மூன்று பந்துகள் இன்றும் மீட்டர் அறையில் காற்றிறங்கிக் கிடக்கின்றன. நான்காவது பந்திலிருந்து அவள் எதிர்ச் சாரியில் இருக்கும் தேவாலயத்து மைதானத்துக்குப் போய்விட்டாள்.

இந்தியப் பெண்கள் கால்பந்து அணி தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாள் நினைவிருக்கிறது. சங்க அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்க்கலாமா என்று கேட்கப் போனேன். அங்கே பத்துப் பேர் எப்போதோ முடிந்துபோன ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் மறு ஒளிபரப்பில் மூழ்கியிருந்தார்கள்.

"முடிவு தெரிஞ்ச மேட்ச்தானே சார்?" என்றேன்.

"முடிவு தெரிஞ்சதாலதான் சார் நிம்மதியா பாக்க முடியுது."

இதற்கு மேல் வாதாட என் படிப்பு போதாது. தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டில்மேல் கைபேசியைச் சாய்த்துவைத்துப் பார்த்தோம். மூன்று பேருக்கும் ஒரு உள்ளங்கை அளவு மைதானம். பந்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை மகளின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். இறுதி விசில் ஊதியபோது தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகள் எழுந்து ஷூவுக்கு லேஸ் கட்டினாள்.

"எங்கடி கிளம்பிட்ட? ஜெயிச்சிருக்காங்க, கொஞ்சம் உக்காந்து சந்தோஷப்படேன்."

"அவங்க ஜெயிச்சாங்கம்மா. நான் இன்னும் ஒண்ணும் பண்ணலயே."

கீழே போய், சிவப்பு எழுத்துச் சுவரில் பந்தை அடிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு அடிக்கும் இரண்டாம் மாடி ஜன்னல்வரை அதிர்ந்தது. யாரும் புகார் சொல்லவில்லை. எல்லோரும் முடிவு தெரிந்த ஆட்டத்தில் இருந்தார்கள்.

சில மாதம் கழித்து, கோப்பைக்கு அணியைத் தயார்செய்யும் முகாமுக்கு ஒரு உத்தேசப் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. உத்தேசம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது பேருக்கு மேல் கூப்பிடுவார்கள், ஓடவிடுவார்கள், அடிக்கவிடுவார்கள், பிறகு கழித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சுகிறவர்களுக்குத்தான் ஆஸ்திரேலியாவுக்கு விமானம். தெரிந்திருந்தும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதினேன்: "நம் வளாகத்துப் பெண் ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியின் பட்டியலில்!" ஒரே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். மறதி இல்லை. அந்த ஒரு சொல் இல்லாமல் வாக்கியம் அவ்வளவு அழகாக இருந்தது. பதினொரு ஆண்டுகள் அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறேன். இவர்கள் எல்லோரும் ஒரு நாள் வாயடைத்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர்கள் வாயடைக்கவில்லை. பேனர் அடித்தார்கள்.

அம்பத்தூரில் ஒரு பேனர் கடைக்குச் செயலாளர் என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் திரையில் வடிவமைப்பைக் காட்டினார். நான்கு மூலைகளில் நான்கு நிர்வாகிகள், வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு. இடது மேலே செயலாளர், வலது மேலே நான், கீழே பொருளாளரும் தலைவரும். நடுவில், தபால்தலையைவிடச் சற்றே பெரிதாக அவள். ஆதார் அட்டை முகம், அதற்குக் கீழே நீலச் சட்டை, அதற்குக் கீழே இரண்டு கால்கள்.

"தம்பி, இது ஆம்பள கால் மாதிரி இருக்கே," என்றேன்.

"இன்னா அண்ணாத்தே, காலுல இன்னா ஆம்பள பொம்பள? லேடீஸ் ஃபுட்பாலுன்னு தேடிப் பார்த்தேன், ஒண்ணும் சரியா வர்ல. அதான் காலு மட்டும் வேற எடத்துலேந்து எட்த்துக்கினேன்."

"முடி தெரியுதேப்பா."

"சாக்ஸ மேல இஸ்துட்டா மேட்டர் ஓவரு." மவுஸை வைத்து முழங்கால்வரை காலுறையை இழுத்துவிட்டார்.

"ஆசியக் கோப்பை இந்திய அணிக்குத் தேர்வான எங்கள் வளாகத்தின் வீராங்கனை" என்று செயலாளர் வாசகம் சொன்னார். பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால், எழுத்துப்பிழை உண்டா என்று என்னிடம் கேட்டார். நான் கவனமாகப் படித்தேன். பிழை எதுவும் இல்லை என்றேன். என் எழுத்து வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

வாசலுக்கு உள்பக்கம், காவலாளி அறைக்கு மேல் கட்டினார்கள். மறுநாள் காலை அவள் பையோடு முகாமுக்குக் கிளம்பினாள். பேனருக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, இது உத்தேச லிஸ்ட்."

"தெரியும்."

"பின்ன?"

பதில் சொல்லும் வேலையைத் தங்கை ஏற்றுக்கொண்டாள். "உங்க மாமாவுக்கு நாக்குல எலும்பில்ல, இப்ப விரல்லயும் இல்ல. அண்ணே, நாளைக்கு இவ பேரு வரலைன்னா இந்த வாசல் வழியா எப்படி வருவா? யோசிச்சியா? கழட்டச் சொல்லு."

"வேணாம்மா," என்றாள் மகள். "இப்ப கழட்டினா, இவ செலக்ட் ஆக மாட்டான்னு நம்ம வீட்லயே முடிவு பண்ண மாதிரி ஆயிடும். தொங்கட்டும்." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அந்தக் கால் யாருது மாமா?" என்றாள்.

முகாமிலிருந்து தினமும் அம்மாவிடம் பேசுவாள். மார்பில் ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், யார் எத்தனை முறை முழு வேகத்தில் ஓடினார்கள் என்று அது சொல்லிவிடும், தண்ணீர் குடிப்பதற்குக்கூட நேரம் குறித்துவைத்திருக்கிறார்கள் என்பாள். ஒரு நாள் என்னிடம், "காலையில சாப்பிடப் போனா ஏதாவது ஒரு நாற்காலி காலியா இருக்கு மாமா. யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல," என்றாள். நான் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளப் பழகினேன். மேலே என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

இறுதிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

எனக்குச் சொன்னது தங்கைதான், ஒரே வரியில். பிறகு மகள் பேசினாள். "இடது கால்ல அடிக்கிற பந்தெல்லாம் கோல்கீப்பர் கைக்கே போகுதாம். மூலைக்குப் போகணும்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க மாமா." அழுதாளா என்று தெரியவில்லை. குரலில் இல்லை.

செயலாளர் அன்றே என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அந்தப் பொண்ணு வந்து பாத்தா மனசு கஷ்டப்படும் சார். எடுத்துடலாம். குரூப்ல போட்டது நீங்க, அதனால நீங்களே…" மனக்கஷ்டம் யாருக்கு என்று இருவருக்கும் தெரியும். ஏணியைக் கொண்டுவந்தேன். உயரம் என்றால் எனக்கு ஆகாது. அலமாரியின் மேல்தட்டுப் புத்தகங்களைப் படிக்காமல் விட்டதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன். காவலாளி ஏணியைப் பிடிக்க, நான் என் முகத்துக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கீழே ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஆவடி ஸ்டேஷனில் இறங்கி வந்திருக்கிறாள். ஒரு நாள் முன்னதாக.

"மாமா!"

அப்படியே குதித்துவிடலாமா என்று இருந்தது. குதிப்பதற்கும் தைரியம் வேண்டும்.

"கிழிச்சிடாதீங்க. முழுசா வேணும் எனக்கு."

செயலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, இதை வச்சு என்ன பண்ணப் போற? தேர்வாகலையேம்மா."

"பேனர் சீக்கிரம் வந்துடுச்சு அங்கிள். நான் கொஞ்சம் லேட்டா வர்றேன். அவ்ளோதான்."

மறுநாள் காலை தேவாலயத்து மைதானத்துக்கு என்னைக் கூப்பிட்டாள். அங்கே ஏழு பேர் ஆட்டத்துக்கான சின்னக் கோல் உண்டு. பேனரின் ஓரத் துளைகளில் கயிறு கோத்து, குறுக்குக் கம்பத்திலும் இரு பக்கக் கம்பங்களிலும் இழுத்துக் கட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. பிறகு கத்தரிக்கோலை எடுத்தாள். நான்கு மூலைகளில் நான்கு வட்டம். செயலாளர், பொருளாளர், தலைவர், நான். நால்வரும் புல்தரையில் விழுந்தோம், அப்போதும் சிரித்துக்கொண்டு.

"இப்ப இந்த ஓட்டைக்குள்ள போற பந்துதான் கோல். மத்ததெல்லாம் கீப்பர் கைல," என்றாள்.

இடது பக்கத்திலிருந்து ஓடிவந்து இடது காலால் அடித்தாள். பந்து 'தேர்வான' என்ற சொல்லின்மேல் டமாரென்று மோதித் திரும்பி வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி அதே சொல். ஐம்பது முறை அடித்திருப்பாள். என் வேலை பந்து பொறுக்குவது. துணைத் தலைவர் பதவிக்கு இதுவரை கிடைத்த ஒரே உருப்படியான வேலை.

ஒரு வாரம் கழித்து நடைப்பயிற்சிக்கு வந்த செயலாளர் கோலுக்கு முன் நின்றுவிட்டார். "இதென்ன, என் ஃபோட்டோவைக் காணோம்?"

"உங்க ஓட்டைல இதுவரைக்கும் பன்னெண்டு கோல் அங்கிள். ரொம்ப ராசியான மூலை."

அவர் என்னைப் பார்த்தார். "சாரோடது?"

"மாமா மூலைதான் கஷ்டம். தூரக் கம்பம். இன்னும் ஒண்ணுகூடப் போகல."

செயலாளர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். மறுநாள் மீட்டர் அறையிலிருந்து மூன்று பந்துகளும் மைதானத்துக்கு வந்து சேர்ந்தன. காற்றடித்திருந்தது. சுவரில் இருந்த வாசகத்தை அவர் அழிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான்.

ஆஸ்திரேலியாவில் நம் அணியின் முதல் ஆட்டம் அன்று, கைபேசியை மைதானத்துக்கே கொண்டுபோனோம். கம்பத்தில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். முகாமில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவள் களத்தில் இறங்கியபோது பேர் சொல்லிக் கத்தினாள், திட்டினாள், கைதட்டினாள். இடைவேளை வந்ததும் எழுந்தாள்.

நான் கோலுக்குப் பின்னால் என் இடத்துக்குப் போனேன். என் முகம் இருந்த வட்டத்தின் வழியே அவளைப் பார்த்தேன்.

"மாமா, தள்ளி நில்லுங்க. உங்க மூஞ்சிலதான் அடிக்கப் போறேன்."

நான் தள்ளவில்லை. அவள் ஓடிவந்தாள். பந்து வட்டத்தை நிறைத்துக்கொண்டு வந்ததுதான் தெரியும், அடுத்த நொடி நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி எங்கோ கிடந்தது. மூக்கு மூக்காக இல்லை.

அவள் ஓடிவந்து வட்டத்தின் வழியே எட்டிப் பார்த்தாள். அடிபட்டதா என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உள்ள வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்ப பந்தப் போடுங்க மாமா. ரெண்டாவது பாதி ஆரம்பிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."