தெப்பலுக்கு நான் கொடுத்த டிரம்

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதக் கடைசியில் நடந்தது இது. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, ஹைவேயை விட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அந்த வருடம் விடாமல் பெய்த மழையில் எங்கள் ஏரி கோடி போனது. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் வழிந்து ஓடுவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். கோடி போனால் கிடா வெட்டி, கெங்கையம்மனைத் தெப்பலில் ஏற்றி ஏரியில் ஒரு சுற்று வர வேண்டும். பல வருடம் கழித்து வந்த வாய்ப்பு என்பதால் ஊரே தலைகால் புரியாமல் திரிந்தது. கரையில் ராட்டினமும் பஜ்ஜிக் கடையும் வளையல் கடையும் முளைத்தன. பெங்களூரில் வேலை பார்ப்பவர்கள்கூட லீவு போட்டு வந்திருந்தார்கள்.

நான் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். பதினெட்டு வருட சர்வீஸ். முன்கோபி என்று ஊரில் எனக்குப் பெயர், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தப்பைக் கண்டால் கத்துகிறவன் தப்பு செய்ய மாட்டான் என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் தெப்பலை வாழைமரத்தில் கட்டுவதில்லை. தொழிற்சாலைகளில் காலியாகும் நீல பிளாஸ்டிக் டிரம்களை அடியில் வரிசையாக வைத்து, மேலே சவுக்கும் பலகையும் போட்டுக் கட்டுகிறோம். எங்கள் பக்கம் அந்த டிரம் இல்லாத வீடே கிடையாது. தண்ணீர் பிடிப்பது, நெல் கொட்டி வைப்பது எல்லாம் அதில்தான். தெப்பல் கட்டும் வேலையை எங்கள் தெரு மேஸ்திரி ஏற்றுக்கொண்டார். கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவர், முப்பத்தைந்து வயதிருக்கும். மூணு மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பில் நின்றுகொண்டு வெற்றிலை போடுவார்.

பத்து டிரம் காயலான் கடையிலிருந்து வந்துவிட்டது. ரெண்டு கம்மி என்று மேஸ்திரி என்னிடம் வந்து நின்றார். ஆயில் வந்த காலி டிரம்மைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பது எங்கள் கம்பெனியில் வழக்கம். ஆசிட் வந்த டிரம்மை மட்டும் நன்றாகக் கழுவி, ஓட்டை போட்டுத்தான் வெளியே விட வேண்டும். ரெண்டும் ஒரே நீலம், ஒரே சைஸ். அன்று சாப்பாட்டு நேரத்தில் ஷெட் மூலையிலிருந்து ரெண்டை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஒன்றில் லேபிள் கிழிந்திருந்தது. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. எனக்கா தெரியாது என்கிற திமிர்.

"கழுவணுமாணா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆயில் டிரம்ம இன்னாத்துக்குக் கழுவினு? அப்டியே கட்டு மேஸ்திரி" என்றேன்.

திருவிழா அன்று மாலை நாலு மணி. தெப்பல் பூ அலங்காரத்தோடு படித்துறையில் மிதந்துகொண்டிருந்தது. அம்மன் பம்பை சத்தத்தோடு கரை மேல் வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கடைசியாக ஒரு தடவை கயிறுகளை இழுத்துப் பார்த்தார். ஒரு டிரம்மில் உஸ்ஸென்று காற்று கசிவது கேட்டு, மூடியை இறுக்கப் போனார். நாலு நாள் வெயிலில் கிடந்து உள்ளே உப்பியிருந்தது டிரம். கை பட்டதும் மூடி பிடுங்கிக்கொண்டு, மிச்சமிருந்தது அவர் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

அலறிக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் முக்கினார். ரெண்டு பேர் இறங்கி அவரைத் தூக்கி வந்து படியில் கிடத்தினார்கள். நான் ஓடிப்போய்க் குனிந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. ஃபார்மிக் ஆசிட். தினமும் ஸ்டோரில் எனக்குப் பழகிய நெடி. காயலான் கடை டிரம் எல்லாம் வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தவை. அது நான் கொடுத்த டிரம்தான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், அடுத்தவர் மேல் எரிந்து விழுந்தது.

ஆசிட் கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று கம்பெனி டிரெயினிங்கில் சொல்லியிருக்கிறார்கள். எதிரே ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது. ஆனால் படித்துறை ஓரமெல்லாம் ஒரே சேறு, கிடா வெட்டிய ரத்தம் வேறு. கேன் தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் கத்தினேன். மேடைக்குப் பின்னால் இருபது கேன் அடுக்கியிருந்தது. விழாக் குழுத் தலைவர் ஓடி வந்தார்.

"அது கெஸ்ட்டுங்களுக்கு வெச்சது சார். பேஜார் பண்ணாதீங்க, ஆட்டோல ஏத்தி அனுப்பிடலாம். அம்மன் வந்துட்டாங்க" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "ஒருத்தன் கண்ணு போவுது, உனுக்கு கெஸ்ட்டு முக்கியமா? காயலாங்கட டிரம்ம கட்டச் சொன்னது யாரு? நீதான?" என்று ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். என் மடியில் மேஸ்திரியின் தலை இருந்தது. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

ரெண்டு பேர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இமைகளை விரலால் பிரித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தவர்களைத் திட்டினேன். ஒருத்தன் போனைத் தட்டியும் விட்டேன். மைக்கில் ஒருவர், பக்தர்கள் அமைதி காக்கவும் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியின் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க" என்று அழுதார். வாட்சைப் பார்த்துக் கால் மணி நேரம் ஆகும் வரை நான் விடவில்லை. அந்த ஒன்றில் மட்டும் அன்று நான் செய்தது சரி.

"ஒண்ணியும் தெரியலணா. சாரம் ஏற முடியுமாணா?" என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

ஆட்டோவில் ஏற்றும்போது பட்டாசு வெடித்தது. திரும்பிப் பார்த்தால், அந்த டிரம்மைக் கழற்றிவிட்டு மீதிப் பதினொன்றோடு தெப்பல் கிளம்பிவிட்டது. மேலே அம்மனோடு வேட்டி மடிப்புக் கலையாமல் பத்து பன்னிரண்டு கெஸ்ட்டுகள். கட்டியவரை ஆட்டோவில் அனுப்பிவிட்டு அவர் கட்டியதில் ஜாலியாகச் சுற்றி வருகிறார்களே என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அந்தக் கோபம் எனக்கு அன்று ரொம்ப சௌகரியமாக இருந்தது.

வேலூரில் கண் டாக்டர், உடனே கழுவியதால்தான் வலது கண் தப்பியது என்றார். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. உயரத்தில் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விசாரிக்க வந்த போலீஸிடம் மேஸ்திரி, எந்த டிரம் எங்கிருந்து வந்தது என்று ஞாபகம் இல்லை என்றார். பக்கத்தில் நின்றுகொண்டு நான் தரையைப் பார்த்தேன்.

ஊரில் என் பேச்சுதான் எடுபட்டது. காயலான் கடைக்காரரை இனி எந்த விழாவிலும் சேர்ப்பதில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்தார்கள். அந்த மனுஷன், "என் டிரம்ல அதெல்லாம் இல்ல சார்" என்று தலை தலையாக அடித்துக்கொண்டார். ஒருவரும் கேட்கவில்லை. சொல்லிவிடலாம் என்று ரெண்டு தடவை எழுந்தேன், ரெண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். அதே கூட்டத்தில், சமயத்தில் புத்தியாக நடந்து ஒரு கண்ணைக் காப்பாற்றியதற்காக எனக்குச் சால்வை போட்டார்கள். கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

தை மாதம் மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, அந்த டிரம்மு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ணா. அன்னிக்கி நீங்க தலைவரத் திட்டினு இருந்தீங்களே, அப்பவே தெரியும். அந்த மூடில கை வெக்கும்போது பாத்தேன், கிழிஞ்ச லேபிளு, நீங்க குடுத்ததுதான்."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க வேல போயிருக்கும். என் கண்ணு வந்துடுமா?"

அன்பாகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். சண்டை எனக்குக் கைவந்த விஷயம். கத்த முழு உரிமை இருந்த ஒரே ஆள் கத்தாதபோது என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் யார் மேலும் குரலை உயர்த்துவதில்லை. முன்கோபம் குறைந்துவிட்டது, வயசாகிறது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் கோபம் ஒரு துளியும் குறையவில்லை, அது போக வேண்டிய ஆளிடம் போயிருக்கிறது, அவ்வளவுதான். காயலான் கடைக்காரர் இன்னமும் ஊர்க் காரியம் எதற்கும் கூப்பிடப்படாமல் ஒதுங்கித்தான் நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் அவர் மேல் பழி போட எனக்குக் குரல் இருந்தது, இதை எழுதும்போதோ என் பெயர் போடாமல்தான் எழுத முடிகிறது.